டாக்டர் ஞானதுரையின் கடைவாய்ப் பல்

சில மனிதர்களைத் தலைமைப் பொறுப்புக்கென்றே காலம் தேர்ந்தெடுத்து, தக்க தருணம் வரும்வரை பொத்தி வைத்திருக்கும். ராஜபாளையம் பல் மருத்துவர் டாக்டர் ஞானதுரை அப்படிப் பொத்தி வைக்கப்பட்டவர். இதை அவரே பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறார். அந்தத் தருணம் கனிந்து வந்த திங்கட்கிழமை காலையில் அவருக்குப் பல் வலித்தது.

வலது பக்கம், கீழே, கடைவாய்ப் பல். இட்லியை இடது பக்கம் ஒதுக்கி மென்றார்.

"என்ன, ஒரு பக்கமாவே மெல்லுதீக?" என்றாள் மனைவி இவாஞ்சலின்.

"ஒண்ணுமில்ல. யோசிக்கேன்."

"யோசிக்கதுக்கு எதுக்குக் கன்னத்தைப் புடிக்கணும்?"

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊர்களுக்கும் சுற்றுப்பட்டிகளுக்கும் சேர்த்து ஒரே பல் மருத்துவர் சங்கம். அதன் தலைவர் தேர்தலுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. பதவிக்காலம் இரண்டு வருடம். தலைவராகிறவர் மாதாந்திரக் கூட்டங்களில் தலைமை உரை ஆற்றலாம். மதுரை மாநாட்டு மேடையிலும் பேசலாம். ஞானதுரைக்கு வேண்டியிருந்தது அந்த மேடைதான். அதற்கான உரையைப் போன வருடமே எழுதி வைத்துவிட்டார். 'சங்கத்தின் குரல்' என்று நோட்டீசும் அடித்தாயிற்று.

எதிர்த்து நிற்பவர் டாக்டர் சாம்சன். அவரும் பேச்சாளர்தான். சென்ற ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினரைச் சாம்சன் அறிமுகப்படுத்தி முடிப்பதற்குள் விருந்தினருக்கு ரயில் நேரமாகி, அவர் பேசாமலே கிளம்பிவிட்டார். போனவருக்கு ஞானதுரை நன்றியுரை சொன்னார். அவர் முடித்தபோது பிரியாணி ஆறி, நெய் உறைந்திருந்தது. அன்று கடைசிவரை முகம் மலர்ந்து நின்றவர் மைக் செட் சங்கிலிப்பாண்டி ஒருவர்தான். அவருக்கு வாடகை மணிக்கணக்கில்.

"யாருகிட்டயாவது காட்டுங்க. ரெண்டு ஊருல எம்புட்டு டாக்டருங்க இருக்காக" என்றாள் இவாஞ்சலின்.

"அதான பிரச்சனை? எல்லாரும் ஓட்டு. ஒருத்தர்ட்ட வாயைத் தொறந்தா மத்தவனுக்குக் கோவம் வரும்."

"அப்ப மதுரைக்குப் போங்க."

"நல்லா சொன்ன போ. நம்ம ஊரு டாக்டரை நம்பாதவனுக்கு எதுக்குத் தலைவர் பதவின்னு சாம்சன் மைக் புடிச்சுக் கேப்பான்."

"அப்ப நீங்களே பாத்துக்கோங்க" என்று அவள் எழுந்து போனாள். தன் பல்லைத் தானே பார்த்துக்கொள்ளும் வித்தையை எந்தக் கல்லூரியும் ஞானதுரைக்குக் கற்றுத்தரவில்லை. இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பிரசாரத்துக்குக் கிளம்பினார்.

முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் டாக்டர் பொன்மணி. சங்கத்தில் மூத்தவர், அவர் கை நீட்டும் பக்கம் அந்த ஊர் ஓட்டில் பாதி சாயும். போனதும் ஒரு பெட்டியைத் திறந்து நீட்டினார்.

"எடுத்துக்கோங்க தம்பி. சூடு ஆறல. இப்பத்தான் வந்துச்சு."

பால்கோவா. பிரசாரம் ஆரம்பித்த நாளிலிருந்து எந்தக் கிளினிக்கில் நுழைந்தாலும் இதுதான். பல் மருத்துவர்களே இப்படி இனிப்பை நீட்டுகிறார்களே என்று ஞானதுரை ஆச்சரியப்படவில்லை. தன்மேல் உள்ள பிரியம் என்று எடுத்துக்கொண்டார். சாம்சன் மட்டும் எங்கே போனாலும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடுகிறாராம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓட்டுக் கேட்டுவிட்டுப் பால்கோவாவை மறுப்பவன் என்ன அரசியல்வாதி? அந்தத் தவறைத் தான் செய்யக்கூடாது என்று ஞானதுரை போகிற இடமெல்லாம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டிருந்தார்.

இப்போதும் ஒரு கரண்டி வாயில் போட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்ன தம்பி, பல்லா?" பொன்மணியின் குரலில் ஒரு துள்ளல் தெரிந்தது. தொழில் ஆர்வம்.

"ச்சே, இல்லக்கா. உங்க பாசத்தை நெனச்சேன்."

"பாசத்துக்குக் கன்னம் வீங்காது. சேர்ல உக்காருங்க."

உட்கார்ந்தார். பொன்மணி எக்ஸ்ரே எடுத்து, சுத்தம் செய்து, தற்காலிகமாக அடைத்து, பஞ்சை வைத்தார். "ரெண்டு நாள் அதிகம் பேசக் கூடாது. என் ஓட்டு உங்களுக்குத்தான், கவலைப்படாதீக."

வாயைத் திறந்தால் ஓட்டு விழுகிறது என்ற உண்மை ஞானதுரைக்கு அப்போதுதான் பிடிபட்டது. பேச்சால் இத்தனை வருடம் நடக்காதது.

ஊர் திரும்புவதற்குள் டாக்டர் ரத்தினம் கூப்பிட்டுவிட்டார். ரத்தினத்தின் கிளினிக் ஞானதுரை வீட்டுக்கு அடுத்த தெரு.

"என்ன அண்ணாச்சி, ராஜபாளையத்துல பல்லு டாக்டரே இல்லையா? சீவில்லிபுத்தூர்ல போயி வாயைத் தொறந்தீகளாமே?"

"யாரு சொன்னா?"

"குரூப்புல வந்துச்சு. எக்ஸ்ரேயோட."

ஞானதுரை சங்கத்து வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பார்த்தார். அவருடைய கடைவாய்ப் பல் அங்கே பெரிதாக இருந்தது. கீழே நிறையப் பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். யாரோ பூங்கொத்துப் படம்கூட அனுப்பியிருந்தார்.

ராஜபாளையம் ஓட்டு முழுக்க ரத்தினத்தின் பின்னால் இருந்தது. அன்று சாயங்காலமே அவருடைய நாற்காலியில் ஞானதுரை சாய்ந்தார்.

"இது யாரு அடைச்சது? பொன்மணி அக்காவா? நல்லா அடைச்சிருக்காக" என்றபடி ரத்தினம் அதைத் தோண்டி எடுத்தார். "ஆனா இதுக்கு ரூட் கெனால்தான். வேற வழியே கெடையாது."

"மாத்திரையில சரியாகாதா?"

"அண்ணாச்சி, நான் உங்க ஆளு. தலைவரா வரப்போறவரு பல்லை அரைகுறையா விட முடியுமா?"

வேர் வரை குடைந்து, மருந்து வைத்து மூடினார். "கொஞ்ச நாளைக்கு வாயைப் பெருசாத் தொறக்காதீக. என் ஓட்டு எழுதி வச்சுக்கோங்க."

மறுநாள் கன்னம் பணியாரம் போல் உப்பியது. இவாஞ்சலின் வெந்நீர் ஒத்தடத்தோடு வந்தாள்.

"ரெண்டு ஓட்டுக்கே முகம் இப்படி ஆயிருச்சு. இன்னும் எம்புட்டுப் பேரு பாக்கி?"

ஞானதுரை உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார். மருத்துவர் உத்தரவு.

வியாழக்கிழமை வன்னியம்பட்டியிலிருந்து டாக்டர் செல்லக்கனி வீடு தேடி வந்தார். கல்லூரியில் ஞானதுரையோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்.

"ஏலே, நாங்கள்லாம் செத்தாப் போனோம்? எக்ஸ்ரேயைப் பாத்தேன். அந்தப் பல்லு தேறாது. புடுங்குனாத்தான் சுகம்."

"ரத்தினம் ரூட் கெனால் பண்ணிருக்கான்லே" என்றார் ஞானதுரை, வலிக்காத பக்கமாக.

"பண்ணட்டும். செத்த பல்லுக்குச் சிங்காரம். சுத்துப்பட்டி டாக்டர் அம்புட்டுப் பேரும் என் பேச்சைக் கேப்பான் தெரியும்ல? நான் ஒரு பல்லுதான கேக்கேன்?"

சுற்றுப்பட்டி ஓட்டுகளை ஒரு தட்டிலும் பல்லை இன்னொரு தட்டிலும் வைத்துப் பார்த்தார் ஞானதுரை. பல் இலேசாக இருந்தது.

ஆனால் அது இலேசில் வரவில்லை. வேர் வளைந்திருந்தது. செல்லக்கனி சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி தொடர்ந்தார். கடைசியில் பல் வந்தது. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியை அந்த இடத்தில் திணித்து, "இறுக்கிக் கடிச்சுக்கோ. பேசாத" என்றார் செல்லக்கனி. "பேசுனா ரத்தம் வரும். பொறவு என்னைச் சொல்லக் கூடாது."

வெள்ளிக்கிழமை எழுந்தபோது தாடை பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு விரல் நுழையும் அளவுக்குமேல் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேட்பாளர் உரை; அன்றே ஓட்டுப்பதிவு. எழுதி வைத்த உரையைக் கண்ணாடிமுன் பேசிப் பார்த்தார். "மதிப்பிற்குரிய மருத்துவப் பெருமக்களே" என்பது வாத்து கத்துவது போல் வந்தது.

இவாஞ்சலின் அவரைக் காரில் ஏற்றித் தளவாய்புரத்துக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் மெர்வின் இளவயதுக்காரர். பல்வரிசை, தாடை சம்பந்தமாக மேல்படிப்புப் படித்தவர். இளம் டாக்டர்கள் அவர் சொன்னால் கேட்பார்கள் என்பதையும் காரில் அவளிடம் போனில் எழுதிக் காட்டினார் ஞானதுரை.

"அதையெல்லாம் பொறவு பாப்போம். மொதல்ல வாயை மூடுங்க" என்றவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மெர்வின் தாடையை இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தார்.

"ரொம்ப நேரம் தொறந்து வச்சதுல மூட்டு வீங்கிருச்சு சார். அசையக் கூடாது."

மேல்பல்லில் கொக்கி, கீழ்ப்பல்லில் கொக்கி, இரண்டுக்கும் நடுவே குட்டி ரப்பர்கள். ஞானதுரையின் வாய் கதவு சாத்தியது போல் மூடிக்கொண்டது.

"எப்பக் கழட்டணும் தம்பி?" என்று கேட்டாள் இவாஞ்சலின்.

"தேர்தல் முடியட்டும் ஆண்ட்டி. அதாவது, வீக்கம் வடியட்டும்."

ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பொன்மணி, ரத்தினம், செல்லக்கனி, மெர்வின் நால்வரும் சேர்ந்தே உட்கார்ந்திருந்தார்கள். தன் பல்லில் ஒருவர் செய்த வேலையை அடுத்தவர் அழித்தும் அவர்களுக்குள் மனத்தாங்கல் இல்லாததைப் பார்த்து ஞானதுரைக்கு நெகிழ்ந்தது. தன்னால் ஏற்பட்ட ஒற்றுமை என்று நினைத்தார்.

சாம்சன் முதலில் பேசினார். 'வாய் என்பது உடலின் தலைவாசல்' என்று தொடங்கி, எகிப்து வழியாக, தன் கல்லூரி நாட்கள் வழியாக, அரசாங்கத்துக்கு விடுத்த கோரிக்கைகளுக்கு வந்தபோது பின்வரிசையில் இருவர் தூங்கியிருந்தார்கள். "இறுதியாக" என்று அவர் நான்கைந்து முறை சொன்னார். அருமையான பேச்சு. ஞானதுரைக்கு வயிறு எரிந்தது.

அடுத்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையேறினார். சங்கிலிப்பாண்டி மைக்கை அவர் உயரத்துக்குச் சரிசெய்து, ஆசையோடு தள்ளி நின்றார். பல வருடக் கனவு அந்த மைக்கில் இருந்தது. ஞானதுரை மூச்சை இழுத்தார்.

"ம்ம்" என்றார்.

மறுபடி முயன்றார். ஒரு ரப்பர் அறுந்து மெர்வின் பக்கம் போய் விழுந்தது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

மண்டபம் அதிர்ந்தது. கைத்தட்டல் ஓயவே இல்லை. ரத்தினம் எழுந்து நின்று தட்டினார். யாரோ விசில் அடித்தார்கள். பரிதாபத்தில் தட்டுகிறார்கள் என்று நினைத்து ஞானதுரை ஓட்டைப் போட்டுவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார். அன்று பிரியாணி ஆவி பறக்க வந்தது. சங்க வரலாற்றில் அது முதல்முறை. அவர் குழாய் வைத்து மோர் குடித்தார்.

ஓட்டு எண்ண அதிக நேரம் ஆகவில்லை. சாம்சனுக்கு விழுந்ததை எண்ண ஒரு கை போதுமாக இருந்தது. மற்றதெல்லாம் ஞானதுரைக்கு.

அவர் அழுதுவிட்டார். ஆளுயர மாலை போட்டார்கள். பேசாமலே மக்கள் மனதில் இடம் பிடித்துவிட்டோமே என்று போனில் எழுதி இவாஞ்சலினிடம் காட்டினார். அவள் படித்துவிட்டு, "நல்லதுங்க" என்றாள்.

மெர்வின் வந்து தாடையைத் தடவிப் பார்த்தார். "வாழ்த்துகள் சார். ஆனா மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்துற கடி லேசா மாறியிருக்கு. இந்த ரப்பர் ரெண்டு வருசம் இருக்கட்டும்."

ஞானதுரை திடுக்கிட்டு வாயைக் காட்டி, சோற்றைப் பிசைவதுபோல் சைகை செய்தார்.

"சாப்பிடுறப்ப தாராளமாக் கழட்டிக்கலாம் சார். பேசுறதுக்குக் கழட்டாதீங்க."

கூட்டம் கலைந்தது. அன்று ஏனோ யாரும் பால்கோவா நீட்டவில்லை. மேடையோரம் சங்கிலிப்பாண்டி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். வெற்றி பெற்றவருக்கு உரிய பெருந்தன்மையோடு ஞானதுரை அவர் தோளில் கைவைத்து, என்ன என்பதுபோல் தலையை ஆட்டினார்.

"இனிமே சங்கத்துக்கு மைக் செட் வேண்டாம்னுட்டாக சார். ரெண்டு வருசத்துக்கு."

ஏன் என்று ஞானதுரை போனில் எழுதிக் காட்டினார்.

"உங்களுக்குத் தெரியாதா? போன வருசம் ஆண்டு விழா முடிஞ்சு நீங்களும் சாம்சன் சாரும் கெளம்புனதும், டாக்டருங்க எல்லாரும் இங்கனதான் நின்னு பேசுனாக. உங்க ரெண்டு பேருல யாருக்கு மொதல்ல பல்லு வலிக்கோ அவருக்கே ஓட்டைப் போட்டுருவோம்னு. சாம்சன் சாருக்கும் பெட்டி பெட்டியாப் பால்கோவா குடுத்துப் பாத்தாக." சங்கிலிப்பாண்டி வயரைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அவருக்குச் சுகரு, சார்."