இயந்திரம் ஒப்புக்கொண்ட சாவு

அன்புள்ள மைத்துனனுக்கு, உன் மாமா தன் கையாலேயே எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்காவும் நலம். அங்கு நீ, உன் மகன், மருமகள், குழந்தைகள், உன் முழங்கால்கள் இரண்டு, எல்லாரும் நலமாக இருக்க வேண்டும்.

முதலில் இந்தக் கையெழுத்தை மன்னித்துவிடு. உறையைப் பார்த்ததும் இது அக்கா எழுத்து இல்லையே என்று பயந்திருப்பாய். பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். கோடு ஒரு பக்கம் போகிறது, நான் ஒரு பக்கம் போகிறேன். சில எழுத்துகள் படியேறுகின்றன, சில வழுக்கி விழுகின்றன. 'ழு' வரும் இடங்களில் பேனாவைக் கீழே வைத்து மூச்சு வாங்கிக்கொண்டேன். காலையில் உட்கார்ந்தவன். உன் அக்கா இரண்டு முறை எட்டிப் பார்த்து, "இன்னும் நலமாங்கற இடத்துலயேதான் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நம் நாடக மன்றத்தில் காலை வேளைகளில் நர்ஸ் அம்மா எழுத்து வகுப்பு நடத்துகிறார். ஓய்வு பெற்றவர். ஊசி போடுகிற மாதிரியே பாடம் நடத்துவார், முடிந்த பிறகுதான் வலிக்கும். அந்த பெஞ்சில் உட்கார்ந்து அ, ஆ என்று தொடங்கியவன் இப்போது மருந்துச் சீட்டு தவிர எல்லாவற்றையும் படிக்கிறேன். மருந்துச் சீட்டை நர்ஸ் அம்மாவாலும் படிக்க முடியவில்லை. தெருவில் நடந்தால் ஒவ்வொரு கடைப் பலகையும் என்னைக் கூப்பிட்டு நிறுத்துகிறது. இத்தனை வருடம் நான் நீலக் கடை என்று சொல்லிவந்த கடைக்கு ஒரு பெயர் இருப்பது போன மாதம்தான் தெரிந்தது. கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

முதல் கடிதம் உனக்குத்தான் என்று ஏன் முடிவு செய்தேன் தெரியுமா? ஒரு ஊரில் நாடகம் முடிந்ததும் ஒரு பெண் தாளை நீட்டி, ராஜாவின் கையெழுத்து வேண்டும் என்று கேட்டாள். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, தளபதி வேஷத்தோடு நீ குறுக்கே வந்தாய். "ராஜா கையெழுத்துப் போட மாட்டாரும்மா, அதுக்கெல்லாம் ஆள் வெச்சிருக்காரு. நான்தான் அந்த ஆள்" என்று நீயே போட்டுக் கொடுத்தாய். திரும்பி வரும்போது லாரியில் பேச்சுக்கா பஞ்சம், ஆனால் அதைப் பற்றி மட்டும் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. காற்றில் பறக்காமல் இருக்க உன் மீசையை நீயும் என் தாடியை நானும் கையில் பிடித்துக்கொண்டு வந்தோம். அந்தப் பசை வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மன்றத்துக்கு அரசாங்க உதவித்தொகை வந்திருக்கிறது. கூரைக்கு என்று நினைத்துவிடாதே. கூரை ஒழுகுகிறது என்று நாமும் எவ்வளவோ காலம் மனுப் போட்டோம், ஒரு ஓடு மாற்றவும் வழியில்லை. இப்போது லாபம் பார்க்காத அமைப்புகள் எல்லாம் பத்திரமாக இருக்க வேண்டும், அதுவும் ஸ்மார்ட்டாகப் பத்திரமாக இருக்க வேண்டும் என்று மேலே முடிவாகியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு வைத்த கேமரா, முகம் பார்த்துத் திறக்கும் கதவு, ஆபத்து என்றால் தானே ஆள் கூப்பிடும் பெட்டி, இவற்றுக்கெல்லாம் பணம் உண்டு. நம் செயலாளர், அதே பழைய தபால்காரர், செய்தியைப் பார்த்த அன்றே கூட்டம் போட்டுவிட்டார்.

"நம்மகிட்ட திருட என்னய்யா இருக்கு?" என்று வாத்தியார் கேட்டார். நமக்கு நாடகம் சொல்லிக்கொடுத்த மனிதருக்கு வயதானாலும் குரல் அப்படியே இருக்கிறது.

"தாடி இருக்கு" என்றார் செயலாளர்.

"பூச்சி தின்ன தாடி. எடுத்துட்டுப் போறவனுக்கு நாமதான் கூலி குடுக்கணும்."

"குடுக்கறத வாங்கிப்போம் வாத்தியாரே. முதல்ல கேமரா வரட்டும். அப்புறம் கேமரா நனையுதுன்னு சொல்லிக் கூரையக் கேப்போம்."

கேமரா வந்துவிட்டது. அதற்கு நேர் மேலேதான் ஒழுகல். அரண்மனைக் காட்சியில் எனக்குப் பிடிப்பார்களே, சரிகை வைத்த வெள்ளைக் குடை, அதை உத்தரத்தில் கட்டி கேமராவுக்குப் பிடித்திருக்கிறோம். முன்பெல்லாம் மன்றத்துச் சாவி ஜன்னல் மேல் இருக்கும். அது ஊருக்கே தெரியும், திருடனுக்கும் தெரியும், அவனும் வந்ததில்லை. இப்போது கதவு நம் முகத்தைக் கேட்கிறது. எல்லார் முகத்தையும் பதிந்து வைத்திருக்கிறார்கள். சலூன்காரர் ஒத்திகைக்கு வீட்டிலேயே மீசை ஒட்டிக்கொண்டு வந்தார். கதவு திறக்கவில்லை. பக்கத்தில் ஒரு சின்னத் திரையில் ஏதோ எழுத்து வந்தது. நான் உள்ளே நின்று எழுத்துக்கூட்டி, ப, தி, வு, பதிவு, இல், லாத, நபர் என்று படித்து முடிக்கும் வரை அந்த மனிதர் வெயிலில் நின்றார். பிறகு மீசையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அது உன் மீசைதான். அவருக்குப் பொருந்தவில்லை.

ஏன் ஒத்திகை என்று கேட்பாய். மாதக் கடைசியில் உதவித்தொகை அதிகாரி வந்து கருவிகள் வேலை செய்கின்றனவா என்று பார்க்கப் போகிறார். அன்று நம் ராஜா நாடகத்தைப் போடுகிறோம். நான்தான் ராஜா. உன் தளபதி வேஷம் சலூன்காரருக்கு. ஆனால் மூன்றாம் அங்கத்தில் ராஜா மேடையில் சாக வேண்டாம், தூதுவன் வந்து சொன்னால் போதும் என்று செயலாளர் சொல்லிவிட்டார். "கோச்சுக்காதீங்க. நீங்க செத்தா ஜனங்க சிரிக்கறாங்க. அதிகாரி முன்னாடி வேண்டாம்" என்றார். எனக்கு நெஞ்சில் குத்தியது போல ஆகிவிட்டது. இனி இன்னொரு முறை ராஜாவாகும் வாய்ப்பு இந்த உடம்புக்கு இருக்குமோ என்னவோ, அதிலும் சாவைப் பிடுங்கிக்கொண்டால் என்ன மிச்சம்?

ஜனங்கள் ஏன் சிரித்தார்கள் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். நீ குத்தினாய். நான் தள்ளாடினேன், தூணைப் பிடித்தேன், வசனம் பேசினேன், அங்கியைச் சரிசெய்தேன், மறுபடியும் வசனம் பேசினேன். அப்போதுதான் நீ, நிறைந்த சபையில், ஒலிபெருக்கிக்கு முன்னால், "சீக்கிரம் சாவுங்க மாமா, கடைசி பஸ் போயிடும்" என்றாய். திரையை இழுப்பவன் சிரித்து உட்கார்ந்துவிட்டான். நானே எழுந்து போய்த் திரையை மூட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு நீ முழங்கால் வலி என்று மகன் வீட்டுக்குப் போனாய். அக்கா எழுதும் கடிதங்களில் வெயில், மழை, ரத்த அழுத்தம் இவைதான் நமக்குள் போய் வந்தன.

இப்போது கேள். நான் படிக்கத் தொடங்கியதும் உன் அக்கா ஒரு மாதிரியாக இருந்தாள். ஒரு நாள் தானே வந்து, "நாடகப் புஸ்தகத்த நீங்களே படிச்சுத் தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். ராஜா சாகறப்போ பேசற வசனம் அதுல இல்ல. நான் சேத்தது" என்றாள். சலவைக் கடையில் நான் இஸ்திரி போடும்போது பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து வசனம் படித்துக் காட்டுவாளே, அப்போது சொந்தச் சரக்கைக் கலந்திருக்கிறாள்.

"எவ்வளவு சேத்த?" என்று கேட்டேன்.

"புஸ்தகத்துல இருக்கறது 'ஐயோ, தளபதி' மட்டும்தான். ஒரு ராஜா ரெண்டு வார்த்தையிலயா சாவான்? எனக்கு மனசு கேக்கல."

கோபம் வரவில்லையடா. அந்த இஸ்திரிப் பெட்டியின் சூடு, ஈரத்துணியின் ஆவி, அவள் குரல், அவள் ஒரு வரி சொல்ல நான் ஒரு சட்டையை முடிப்பது, எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. சாகும்போது என் கை இடமும் வலமுமாகப் போவதைப் பார்த்து, "ராஜா என்ன இஸ்திரி போடறாரா?" என்று வாத்தியார் கேட்பாரே, அது அப்படி வந்த பழக்கம்தான். அங்கியும் அப்படித்தான். அந்த வெல்வெட்டை நானே ஆவி காட்டி மடிப்பு எடுத்தது. அதன் மேல் தொப்பென்று விழ யாருக்கு மனம் வரும்? ஆகவே நான் மெதுவாகத்தான் விழுவேன்.

இனி நடந்த அதிசயம். கேமரா மாட்ட வந்த டெக்னீஷியன் பெண், அது சண்டையைக் கண்டுபிடிக்கும், ஆயுதத்தைக் கண்டுபிடிக்கும், யாராவது மயங்கிக் கிடந்தாலும் கண்டுபிடிக்கும் என்றாள். நீ எண்ணெய் டின்னை வெட்டிச் செய்த கத்தியை நீட்டிக் காட்டினேன். அவள் போனில் எழுத்து வந்தது. யாரும் சொல்வதற்கு முன்னால் நானே படித்தேன், கரண்டி என்று. ஆயுதம் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டோம். அன்று மாலை ஒத்திகை. செயலாளரைக் கெஞ்சி, ஒரே ஒரு முறை செத்துப் பார்க்கிறேன் என்று அனுமதி வாங்கினேன். சலூன்காரர் குத்தினார். தள்ளாடினேன், தூணைப் பிடித்தேன், உன் அக்காவின் வசனத்தை ஒரு வரி விடாமல் சொன்னேன், அங்கியைச் சரிசெய்து படுத்துக் கண்ணை மூடினேன். திடீரென்று பெட்டி அலறியது. "கவனிக்கவும். ஒருவர் நினைவிழந்து சரிந்து கிடக்கிறார். உதவி அழைக்கப்படுகிறது" என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. நான் எழுந்திருக்கவில்லை. எப்படி எழுந்திருப்பேன்? வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் என் சாவை நம்பியிருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்தது, பாதுகாப்புக் கம்பெனிக் காவலாளி வந்தார், ஸ்ட்ரெச்சர் வந்தது. முதலுதவிப் பெண் என் நாடியைப் பிடித்து, "ஐயா, கண்ணத் திறங்க, எங்க வலிக்குது?" என்றாள். நான் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "கடைசி வரைக்கும் நம்பினீங்களா?" என்று கேட்டேன். வேடிக்கை பார்க்க வந்திருந்த உன் அக்கா, "செத்தது போதும், எழுந்து வாங்க. பாவம், அவங்களுக்கு வேலை இருக்கு" என்றாள். முன்வரிசையில் இருந்த வாத்தியார் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிரமாதம்" என்றார். நீயும் நானும் எத்தனை வருடம் அந்த வார்த்தைக்காக அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

செயலாளர் அன்றே மனம் மாறிவிட்டார். "இதவிடக் கருவி வேலை செய்யறதுக்கு என்ன சாட்சி வேணும்? அதிகாரி முன்னாடி நீங்க சாகணும், அது அலறணும்" என்றார். அடுத்த ஒத்திகையிலும் அலறியது. அதற்கடுத்த முறை காவலாளியும் முதலுதவிப் பெண்ணும் முன்கூட்டியே வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். "எப்படியும் கூப்பிடத்தானே போகுது, முதல் அங்கத்துலேர்ந்தே பாத்துடறோம்" என்றார் காவலாளி. நமக்குக் கூட்டம் சேர்கிறதடா.

போன செவ்வாய்க்கிழமை மட்டும் பெட்டி வாயே திறக்கவில்லை. வாத்தியாருக்குப் பல்வலி, வரவில்லை. அவர் இல்லாததால் சலூன்காரர் ஏனோதானோ என்று குத்திவிட்டார் என்று நினைக்கிறேன். நல்ல மனிதர். யார் கழுத்திலும் கீறல் விழாமல் பார்த்தே காலம் கழித்தவர். கத்தியோடு கிட்டே வந்து, "தலையக் கொஞ்சம் சாய்ச்சுக்குங்க" என்கிறார். இதில் ஒரு ராஜா எப்படிச் சாவது? செயலாளர் உடனே, இயந்திரத்தை நம்ப முடியாது, தூதுவனே சொல்லட்டும் என்று பழைய பாட்டைத் தொடங்கிவிட்டார். ஆகையால் நீ வர வேண்டும். நீ குத்தினால் என் உடம்பு தானாகச் சாயும். கத்தி கிட்டே வரும்போது உன் தோள் குலுங்கும், சிரிப்பை அடக்க நீ உதட்டைக் கடிப்பாய், அதைப் பார்த்து ஜனங்கள் தளபதிக்கு என்ன கோபம் பார் என்று பேசிக்கொள்வார்கள். முழங்காலுக்கு இங்கேயும் தைலம் கிடைக்கும். பஸ் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றினாலும் சொல்லிக்கொள், நான் வருத்தப்பட மாட்டேன்.

என் ஆசிகள் உன் மகனுக்கும் மருமகளுக்கும். குழந்தைகளின் தலையில் என் சார்பாக ஒரு முறை கை வை. நீங்கள் எல்லாரும் வயிறும் மனமும் குளிர்ந்திருக்க வேண்டும்.

உன் மாமா.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் செயலாளர் ஆள் அனுப்பினார். டெக்னீஷியன் பெண் பதிவான படங்களை எல்லாம் போட்டுக் காட்டினாள். அலறிய நாட்களில் எல்லாம் சிவப்புக் கட்டம் முன்வரிசை நாற்காலியைச் சுற்றி இருந்தது. அதற்குள் வாத்தியார், வாய் திறந்து, ஒரு பக்கமாகச் சரிந்து, நல்ல தூக்கத்தில். மேடையில் என்னைச் சுற்றியும் ஒரு கட்டம் இருந்தது, பச்சைக் கட்டம். அதில் இருந்ததை நானே படித்தேன். துணி மூட்டை என்று போட்டிருந்தது. உன் அக்கா, "மடிப்புக் கலையாத மூட்டைன்னு போட்டிருக்கலாம்" என்றாள். செயலாளருக்கு நல்ல சந்தோஷம். "அப்ப வாத்தியாரத் தூங்க வெச்சாப் போதும், ராஜா சாவ வேண்டாம்" என்றார். வாத்தியார் எழுந்து, "சும்மா தூங்குன்னா எப்படித் தூங்கறது? அவன் சாக ஆரம்பிச்சாத்தான் எனக்குக் கண்ணச் சொக்கும்" என்றார். அதனால் என் சாவு நாடகத்தில் இருக்கிறது, தாலாட்டாக. எனக்கு அது வேண்டாம். பெட்டி அலறாமல் போனாலும் போகட்டும், அதிகாரி என்ன எழுதினாலும் எழுதட்டும், வாத்தியார் விழித்திருந்து பார்க்கிற மாதிரி ஒரு தடவை சாக வேண்டும். அதற்கு நீ இல்லாமல் முடியாது. பதில் போடாவிட்டால் அடுத்த வாரம் எழுதுவேன். பதில் போட்டாலும் எழுதுவேன். நீயே கிளம்பி வந்து பக்கத்து அறையில் காலை நீட்டிப் படுத்திருந்தாலும், அடுத்த வாரம் உனக்கு ஒரு கடிதம் உண்டு.