ஜப்பான் கடலைத் துடைத்த கதை

எனக்கு ஒரு வியாதி உண்டு. அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தைக்கூட நாலு பேருக்கு விளக்காமல் இருக்க முடியாது. (கண்டுபிடித்தவள் என் மனைவி.)

எங்கள் கம்பெனியின் ஜப்பான் கிளையிலிருந்து வந்திருந்த பெண் மேலாளர் எனக்கு ஒரு படம் பரிசளித்தார். மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த கடற்கரை: பைன் மரங்கள், நீலக் கடல், தூரத்தில் பனிமலை. வானத்துத் தேவதை ஒருத்தி இறங்கிவந்து, தன் சிறகாடையை அங்கே ஒரு மரத்தில் தொங்கவிட்டுக் குளித்தாளாம். அவர் ஊர்ப்பக்கத்துக் கதை. ஞாயிற்றுக்கிழமை பட்டாபிராமில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாகவும் சொன்னார். ஜப்பானுக்கு அனுப்ப அவர் ஆள் தேர்வு செய்யும் வாரம் அது. மூன்று வருஷமாக நான் தவம் கிடந்த வாய்ப்பு.

ஆவடி ஃபிரேம் கடைக்காரரிடம் படத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா வந்திருக்கலாம். தேவதை இறங்கிய புனித மண் என்று கால்மணி நேரம் பிரசங்கம் செய்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படத்தை வாங்கினார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை போய்ப் பார்த்தால், மூன்று மூலைகளில் சந்தனம், குங்குமம். கண்ணாடி மேல் இல்லை, காகிதத்தின் மேலேயே.

"ஒரு மூலைலதான் பொட்டு இருந்துச்சு சார். மீதி மூணும் மறந்துட்டாங்கோ போல கீது. நானே வெச்சுட்டேன்" என்றார் நிறைவாக.

அவர் பார்த்த அந்த முதல் பொட்டு, ஓவியரின் சிவப்பு முத்திரை.

வீட்டுக்கு வந்ததும் ஃபிரேமைப் பிரித்து ஈரத்துணியால் துடைத்தேன். (படித்தவன் செய்கிற காரியமா இது?) குங்குமம் போகவில்லை, கடல் போனது. என் ஜப்பான் அத்தோடு முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டேன். நிஜமாகவே அழுகை வந்தது.

படத்தைப் பரணில் போட்டுவிடலாம் என்றேன்.

"பொய் சொல்லித்தான் ஜப்பான் போகணுமாங்க? நடந்ததைச் சொல்லுங்க" என்று மனைவி அதை ஹாலிலேயே சாய்த்து வைத்தாள்.

மேலாளர் வந்தார். குனிந்து வெகுநேரம் பார்த்தார். நான் உளறிக்கொட்டி எல்லாவற்றையும் சொன்னேன், துடைத்ததைத் தவிர. அதை மனைவி சொன்னாள். அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"என் ஊர் கும்பிட வேண்டிய இடம்னு அந்தக் கடைக்காரருக்குப் புரிஞ்சிருக்கு. பொட்டு அப்படியே இருக்கட்டும்" என்றார் தன் ஆங்கிலத்தில். "நீங்க மட்டும் இனிமே எதையும் துடைக்காதீங்க."

ஆறு மாதம் ஜப்பானில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினேன். நான் போய்ச் சேரும் முன்பே அங்கே என் பெயர் பரவியிருந்தது: கடலைத் துடைத்தவர். இங்கே வீட்டில் அந்தப் பட்டம்கூட இல்லை. நான் எதற்காக ஈரத்துணியைக் கையில் எடுத்தாலும், மனைவி ஓடிவந்து அந்தப் படத்துக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுகொள்கிறாள்.