மஞ்சள் அட்டைக்குச் சரியான விடை

நாலு எழுத்துப் படித்தவனின் திமிர் சாதாரண நாட்களில் அடங்கித்தான் இருக்கும். அவன் கழுத்தில் ஓர் அடையாள அட்டையை மாட்டிப் பாருங்கள், அப்போது தெரியும். எனக்கு இருபத்திரண்டு வயதில் மாட்டினார்கள். அந்தப் பையனைப் பிடித்து நாலு அறை விட வேண்டும் என்று இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

அது 2005, சுனாமிக்கு அடுத்த ஆண்டு. புயல், மழை எச்சரிக்கைகளைப் பாமரருக்கும் புரிகிற மாதிரி எளிமையாக்கிவிட்டோம் என்று ஓர் அமைப்பு நம்பிக்கொண்டிருந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று அட்டைகள், அவ்வளவுதான். அவை எத்தனை பேருக்குப் புரிகின்றன என்று மரக்காணம் உப்பளத்தில் கேட்டு எழுதி வர வேண்டும். திண்டிவனத்தில் பஸ் ஏறினேன், புது ஷூ போட்டுக்கொண்டு. (உப்பளத்துக்கு எவனாவது ஷூ போட்டுக்கிட்டுப் போவானா? நான் போனேன்.)

அங்கே எட்டுப் பெண்கள் உப்பைக் கூடையில் சுமந்துபோய்க் கரையில் குவித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டின் கடைசி அம்பாரம் அது. இன்னும் ஓலை போட்டு மூடவில்லை. அது கரைந்தால் மழைக்காலம் முழுக்க எட்டு வீட்டிலும் உலை கொதிக்காது. அதைப் பற்றி எனக்கென்ன கவலை? நடு வரப்பில் நின்று மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

"இதைப் பாத்தா என்ன செய்வீங்க?"

அவர்களில் ஒருவரான மல்லிகா அக்கா கூடையை இறக்கிவிட்டு அட்டையை உற்றுப் பார்த்தார். "இன்னா இது?"

"கனமழை வரலாம்னு அர்த்தம்."

"எப்ப வரும்? காத்தும் சேந்து வருமா? ஒண்ணியும் போடலியே."

"அதெல்லாம் போட்டா உங்களுக்குப் புரியாதுன்னு எடுத்துட்டாங்க."

"யாருக்குப் புரியாது?" என்று கேட்டார். நான் படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தேன். கேள்வி கேட்பது என் வேலை அல்லவா.

"சரி தம்பி, எழுதிக்க. மழைன்னா ஓடியாந்து உப்ப மூடுவோம். வேற இன்னா செய்வாங்க?"

படிவத்தில் மூன்றே விடைகள். அ: கடலுக்குச் செல்வேன். ஆ: வீட்டுக்குள் பாதுகாப்பாக இருப்பேன். இ: தெரியாது. உப்பை மூடுவது மூன்றிலும் இல்லை. ஆகவே 'தெரியாது' என்று டிக் அடித்தேன். எட்டுப் பேரும் அதையே சொன்னார்கள், எட்டுப் பேருக்கும் தெரியாது. உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மழையைத் தெரியாது என்று திண்டிவனத்துக்காரன் எழுதினேன், அழகான கையெழுத்தில்.

எட்டாவது டிக்கின் மை காய்வதற்குள் காற்று திரும்பியது. "காலைலேர்ந்தே உப்பு ஈரம் வுட்டுனு இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே மல்லிகா அக்கா ஓலைக்கட்டை நோக்கி ஓடினார். மற்றவர்களும் ஓடினார்கள். நான் அட்டையை உயர்த்திப் பிடித்து, "உள்ள போங்க, எல்லாரும் உள்ள போங்க" என்று கத்தினேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரி, நாமாவது பாதுகாப்பாக இருப்போம் என்று கரையில் இருந்த ஓலைக் கொட்டாயை நோக்கிப் பாய்ந்தேன். ஷூ வழுக்கியது. படிவம், அட்டை, அடையாள அட்டை எல்லாவற்றோடும் பாத்திக்குள் மல்லாக்க விழுந்தேன். புது ஷூ கடித்த புண்ணில் உப்புத் தண்ணீர் ஏறியது. நான் போட்ட கூச்சல் பக்கத்து ஊர் கூனிமேடு வரை கேட்டிருக்கும்.

அவர்கள் அம்பாரத்தை முழுக்க மூடிவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள். மழை கொட்டியும் ஒரு பிடி உப்பு கரையவில்லை. கொட்டாய்க்குள் உட்கார வைத்து, தாங்கள் குடிக்கக் கொண்டுவந்திருந்த தண்ணீரை ஊற்றி மல்லிகா அக்கா என் காலைக் கழுவினார். "ஏம்பா, பரீட்சைல நாங்க பாஸா?"

"பாஸ்க்கா."

படிவங்கள் கூழாகியிருந்தன. அதாவது, திருத்தி எழுத எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. பஸ் ஸ்டாண்டு பூத்திலிருந்து மேற்பார்வையாளருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "படிவத்துல இருக்கிற விடைய சொன்னாங்களா இல்லியா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப தெரியாதுதானே?" ஆமாம் சார் என்றேன். புதுப் படிவத்தில் மறுபடியும் எட்டு முறை அதே டிக்கை அடித்தேன். என் மனம் ஆறாதது வழுக்கி விழுந்ததற்காக இல்லை, இதற்காகத்தான். மக்களுக்குப் புரியவில்லை என்று அறிக்கை போனது. அட்டையை இன்னும் எளிமையாக்கினார்கள். அடுத்த ஆண்டு அதில் குடை பிடித்த வாத்து ஒன்று வந்தது.

கல்யாணத்துக்கு மல்லிகா அக்காவைக் கூப்பிட்டேன். பாத்தியில் விழுந்த கதையை மேடையிலேயே என் மனைவியிடம் சொல்லிவிட்டார். டிக் அடித்த கதையைப் பிற்பாடு நானே சொன்னேன்.

இன்றும் மழை இருட்டினால் மொட்டை மாடியில் காயும் துணியை எடுக்க நானும் எழுவேன். மனைவி படியிலேயே தடுத்துவிடுவாள்.

"நீங்க உள்ளயே இருங்க. உங்களுக்கு 'ஆ' தான் சரியான விடை. துணி எடுக்கிறதெல்லாம் தெரியாதவங்க வேலை."