கனம் அங்கத்தினருக்கு முடி இறக்கிய விவரம்

திருத்தணி,
விரோதி வருஷம் ஐப்பசி 25

மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை கங்காதரன் அவர்களுக்கு மைத்துனன் கோதண்டம் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் சம்சாரம் மணியம்மையும் கறவை எருமையும் க்ஷேமம். என் தலை மட்டும் க்ஷேமமாக இல்லை. அது ஏன் என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம். அவ்விடம் அட்டன் தோட்டத்தில் தாங்களும் என் தங்கை எல்லம்மாளும் குழந்தைகளும் குளிர் ஜுரம் இல்லாமல் இருக்கத் தணிகை முருகன் அருள வேண்டும்.

தாங்கள் ஆவணியில் போட்ட கடிதம் கிடைத்தது. உங்கள் இலங்கையில் புதுச் சட்டம் வந்திருக்கிறது, இந்தியாவிலிருந்து போன குடும்பத்தார் எல்லாரும் மனுப் போட்டுத்தான் அந்த நாட்டுப் பிரஜை ஆக முடியும், அங்கேயே பிறந்து, நைனாவையும் அம்மாவையும் அந்தத் தேயிலைச் சரிவிலேயே புதைத்த தங்களுக்கும் அதே விதிதான் என்று எழுதியிருந்தீர்கள். அந்த நாட்டுப் பார்லிமெண்டு அங்கத்தினர் ஒருவர் சிபாரிசுக் கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தால் மனு சீக்கிரம் நகரும் என்று தோட்டத்துப் பெரிய கிளார்க்கு சொன்னாராம். எனக்குத் தெரிந்த பெரிய மனுஷர் மூலமாக ஏதாவது ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள். முப்பது வருஷம் ரயில்வேயில் பார்சல் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவனுக்குத் தெரிந்த ஒரே பெரிய ஆள் எடை மெஷின்தான், மாப்பிள்ளை. இருந்தாலும் முருகன் என் கையில் ஒரு அங்கத்தினரையே கொண்டுவந்து கொடுத்தான். நான்தான் கெடுத்தேன். அந்த வருத்தத்தில் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

நடந்தது இதுதான். கடலுக்கு இந்தப் பக்கத்துச் சபையும் அந்தப் பக்கத்துச் சபையும் ஒன்றையொன்று அறிந்து ஒத்துழைக்க வேண்டும் என்று இலங்கைப் பார்லிமெண்டிலிருந்து நாலு பேரைச் சென்னைக்கு அழைத்திருந்தார்கள். அதில் சேனாதிலக என்கிற கனவான் கதிர்காமத்து பக்தர். தணிகை மலையைப் பார்க்காமல் கப்பல் ஏறுவதில்லை என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாராம். உடனே நம் சட்டசபை மெம்பர் கஜபதி வரவேற்புக் கமிட்டி போட்டார், ஊரில் இங்கிலீஷ் தெரிந்தவன் என்று என்னைத் துபாஷி ஆக்கினார். என் இங்கிலீஷ் எல்லாம் பார்சல் இங்கிலீஷ் என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை. தங்கள் மனுவை நல்ல காகிதத்தில் டைப் அடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். காகிதத்தில் கையெழுத்து விழுந்தால் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று வேண்டிக்கொண்டும் விட்டேன்.

வந்த நாள் கிருத்திகை. ஸ்டேஷனில் இறங்கினவருக்கு மாலை போட்டு, பதற்றத்தில் வாய்க்கு வந்த இங்கிலீஷில், 'ரிசீவ்டு இன் குட் கண்டிஷன்' என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டார், நல்ல மனுஷர். அடர்ந்த சுருட்டை முடி, எண்ணெய் தடவி வாரியிருந்தார். ஜட்கா வைத்துச் சரவணப் பொய்கைக்கு அழைத்துப் போனேன். அங்கே கஜபதி வந்து வரவேற்புப் பத்திரம் வாசிப்பதாக ஏற்பாடு, ஆளைக் காணோம். வாசிக்க வேண்டியது பதினாலு பக்கம், மனுஷர் மண்டபத்துக்குப் பின்னால் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றார்கள். கனம் அங்கத்தினர் முகம் கழுவி, தலையிலும் நாலு கை தண்ணீர் வாரிக்கொண்டார். கிருத்திகைக் கூட்டத்தில் நிற்க இடமில்லை. காய்ந்த கல் ஒன்று காலியாக இருந்தது. அதில் உட்கார வைத்து, இப்போது உங்களுக்கு மரியாதை செய்வார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுக் கஜபதியைத் தேடி ஓடினேன். அந்தக் கல் நாவிதர்கள் வரிசையில் இருந்த கல் என்பதை நான் கவனிக்கவில்லை, மாப்பிள்ளை. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், கவனிக்கவில்லை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு, தாங்கள் அறிய மாட்டீர்கள். கூட்ட நாளில் மொட்டைக்கு வருகிறவன் ஒரு நாவிதரிடம் காத்திருந்து அலுத்தால் அடுத்தவரிடம் எழுந்து போய்விடுவான். அதனால் வந்தவனை உட்கார வைத்து, நெற்றியிலிருந்து உச்சி வரை கத்தியால் ஒரே ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, அடுத்த ஆளைப் பிடிக்கப் போய்விடுவார்கள். நடு மண்டையில் வரப்பு போட்டவன் எங்கே போவான்? அங்கேயே சாயந்திரம் வரைக்கும் உட்கார்ந்திருப்பான். எங்கள் ஊர் நாவிதன் துரைக்கண்ணு இந்த வேலையில் கெட்டிக்காரன். மாலையும் கழுத்துமாக, ஈரத் தலையோடு, தன் கல்லில் ஒருத்தர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறான். கிட்டே போனான். இவரோ மரியாதை வந்துவிட்டது என்று தலையைக் குனிந்து கொடுத்திருக்கிறார்.

நான் கஜபதியோடு திரும்பி வந்தபோது இலங்கைப் பார்லிமெண்டின் நடுவே வெள்ளையாக ஒரு பாதை போய்க்கொண்டிருந்தது. துரைக்கண்ணுவைப் பிடித்து உலுக்கினேன். அவன் கத்தியைத் தீட்டியபடியே நின்றான்.

"மூணு பேருக்குக் கோடு இழுத்து உக்கார வச்சிகினு இருக்கேன், அதுல இவரும் ஒர்த்தரு. தலைய அவருதான குனிஞ்சாரு, எனுக்கு இன்னாங்க தெரியும்?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. கனம் அங்கத்தினர் நாவிதப் பெட்டியிலிருந்த கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இங்கிலீஷில், உங்கள் ஊரில் விருந்தாளி எல்லாருக்கும் இந்த மரியாதை உண்டா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய்தான், வேறென்ன சொல்ல? உங்கள் மெம்பருக்கும் உண்டா என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். அவர் முகத்தில் சிரிப்பே இல்லாமல், எங்கள் சபையில் ஒருவர் பிரேரித்தால் இன்னொருவர் ஆமோதிக்க வேண்டும், அப்போதுதான் தீர்மானம் நிறைவேறும் என்றார். நான் அதைக் கஜபதிக்கு மொழிபெயர்த்தேன். கஜபதியின் முடி தோள் வரை புரளும்; ஓட்டில் பாதி அந்த முடிக்கு விழுந்தது என்று ஊரில் பேச்சு. இரு நாட்டுச் சபைகளும் ஒரே தலையாக நின்று என்று பத்திரத்தின் முதல் பக்கத்திலேயே அவர் எழுதிவைத்திருந்தார். சுற்றிலும் இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்னை ஒரு பார்வை பார்த்தார், மாப்பிள்ளை, அந்தப் பார்வையோடு பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார். மூன்றாவது கல்லில் என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை, நானே உட்கார்ந்தேன். ஜனங்கள் அரோகரா போட்டார்கள். பதினாலு பக்கமும் வாசிக்கப்படவே இல்லை, அந்த ஒரு நன்மை.

மூன்று மொட்டையும் சந்தனம் பூசிக்கொண்டு படி ஏறினோம். கஜபதி எனக்குப் பத்துப் படி முன்னாலேயே போனார், இன்றுவரை பேசவில்லை. கோபம் தணிகிற மலை என்று பேர், அவருக்கு எப்போது தணியுமோ. மேலே சந்நிதியில் கனம் அங்கத்தினர் கண்ணில் நீர் வந்து நின்றார். வெளியே வந்து, வள்ளி எங்கள் கதிர்காமத்துப் பெண், உங்கள் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறோம், நன்றாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இங்கே அவள் கல்யாணம் ஆன கதையே வேறு. ஆனாலும் நான் சண்டை பிடிக்கவில்லை. நாங்களும் ஒரு பெண்ணை உங்கள் பக்கம் கொடுத்திருக்கிறோம் ஐயா என்று சொல்லிக் காகிதத்தை எடுக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பையில் கைவிட்டேன். பொய்கையில் தலை முழுகினபோது காகிதமும் முழுகியிருக்கிறது. மசி கரைந்து, தங்கள் பேர் இருந்த இடத்தில் நீலமாக ஒரு திட்டுதான் இருந்தது. அதை எப்படி நீட்டுவேன்? அவரும் மறுநாள் கப்பல் ஏறிவிட்டார். இனி அந்தக் கையெழுத்துக்கு வழியில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன் இதே ஸ்டேஷனில் எல்லம்மாளை மண்டபம் போய் இலங்கைக் கப்பல் ஏற வண்டி ஏற்றிவிட்டவன் நான். உங்களுக்கு நல்லது செய்யக் கிடைத்த ஒரு சந்தர்ப்பத்தையும் தண்ணீரில் விட்டேன். மன்னிக்க வேண்டும். அங்கே ஒத்துவராது என்று ஆகிவிட்டால் குடும்பத்தோடு இங்கே வந்துவிடுங்கள். பின்கட்டு அறை காலியாகத்தான் இருக்கிறது.

குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். என் தலையில் முடி முளைப்பதற்குள் உங்கள் வீட்டில் நல்லது முளைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
கோதண்டம்

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை மணியம்மைக்கு வாசித்துக் காட்டினேன். அவள் எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டே கேட்டாள்:

"மொட்ட போட்டுகினு வந்து பொய்யி எழுதுறீங்களே, அதுக்கு ஸ்டாம்பு வேற ஒட்டணுமா? அவங்க புருசன் பொஞ்சாதி பேசிக்க வேண்டியத நீங்க யாரு நடுவுல மறைக்கிறது?"

காகிதம் நனையவில்லை, மாப்பிள்ளை. சட்டையைக் கழற்றிக் கல்லில் வைத்துவிட்டுத்தான் முழுகினேன். மலைமேல் காகிதத்தை நீட்டினேன், அவர் நின்றபடியே படித்தார். பேனாவைத் திறந்துகொண்டு, உங்கள் தங்கைக்கு அங்கே இருக்க இஷ்டந்தானே என்று கேட்டார். அன்று நான் மூன்றாவது தடவையும் ஆமாம் என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆனால் அதே பையில், தோட்டத்து வாத்தியார் சம்சாரத்தைக் கொண்டு எல்லம்மாள் எனக்குத் தனியாக எழுதிய கார்டும் இருந்தது. 'அண்ணா, அந்தக் காகிதம் வந்தால் இவர் இந்த மலையை விட்டு நகரவே மாட்டார். எனக்கு ஊருக்கு வரணும். எப்படியாவது வராமல் பண்ணு' என்று எழுதியிருந்தாள். அதனால்தான் மேலே எழுதின கதையில் காகிதத்தைப் பொய்கையில் முழுக்கினேன்.

காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து கொட்டை எழுத்தில் தெளிவாக இருக்கிறது. கார்டையும் வைத்திருக்கிறேன். அவளைக் கோபிக்க வேண்டாம், கோபித்தால் என்னைக் கோபியுங்கள். மனுவோடு சேர்ப்பதற்கு முன்னால் அங்கே இருக்க இஷ்டமா என்று அவளை ஒரு வார்த்தை கேளுங்கள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நான் கேட்கவில்லை.