மொத்தமாக யோசிப்பவர்

வீடு கட்டுகிறவர்களில் ஒரு வகை உண்டு. சொந்த வீட்டைக் கட்டி முடித்த கையோடு ஊரையும் கட்டப் புறப்பட்டுவிடுவார்கள். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். நேற்றுவரை நெல் விளைந்த இடத்தில் கல் நட்டு, வளைவு வைத்து, ஏதோ ஒரு நகர் என்று பெயர் எழுதியிருப்பார்கள். பஸ் வந்திருக்காது, தெருவிளக்கு வந்திருக்காது, தபால்காரர்கூட வழி தெரியாமல் திரும்பிப் போயிருப்பார். ஆனால் இவர் வந்திருப்பார். மொத்தமாக யோசிப்பவர் என்று இவருக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன்.

எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் இக்னேஷியஸ். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் நம்பமாட்டீர்கள்.

நலச்சங்கக் கூட்டத்தில் யாராவது எழுந்து, "எங்க வீட்டு முன்னாடி குழாய் ஒழுகுது" என்றால் போதும், இவர் ஆரம்பித்துவிடுவார்.

"உங்க வீடு, என் வீடுன்னு தனித்தனியா பார்த்தா இப்படித்தான் சார். ரோடு, தண்ணி, சாக்கடை, பஸ்ஸு, ஏரி எல்லாத்தையும் சேர்த்து மொத்தமா யோசிக்கணும்."

அங்கிருந்து சிங்கப்பூர் போவார். சைக்கிளுக்குத் தனிப்பாதை போட்டு, இரண்டு பக்கமும் மரம் நட்டு, பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் ஏரி வற்றாமல் பார்த்துக்கொண்டு, டீ வந்த பிறகுதான் திரும்புவார். குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

சொந்த வீட்டை மட்டும் அவர் தனியாகத்தான் யோசித்தார். எங்கள் பக்கத்தில் வீடு கட்ட ஒரு முறை இருக்கிறது. கொத்தனார் வந்ததும் மனையைப் பார்க்கமாட்டார், பக்கத்து வீட்டுப் பேஸ்மட்டத்தைப் பார்ப்பார். "அத்த விட ஒரு அடி தூக்கிடலாமா சார்?" என்பார். வேண்டாம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இக்னேஷியஸ் தெருவில் கடைசியாகக் கட்டியவர். எண்பத்தைந்தாம் வருஷத்து வெள்ளத்தை வாடகை வீட்டில் அனுபவித்தவர் வேறு. லாரி லாரியாக மண் கொட்டினார். வீடு உயர்ந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து தரைக்கு வர வேண்டுமே? படிக்கட்டு பாதித் தெரு வரை இறங்கி வந்தது.

பக்கத்து வீடு கன்னியம்மாவுடையது. இந்த நகர் வயலாக இருந்தபோது அதில் கூலிக்கு நாற்று நட்டவர், இப்போது எஸ்டேட்டில் பாக்கிங் வேலை. தெருவில் முதலில் கட்டிய வீடு, அதனால் எல்லாவற்றையும்விடத் தாழ்வு. மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுவதும் அங்கேதான் போகும். அந்த வருஷம் மகள் சொர்ணத்தைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தார். ஐப்பசியில் பிள்ளை பிறக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"மழைக்கு முன்ன காவா வெட்டிக் குடுத்துடு சார். புள்ளத்தாச்சிய வெச்சிகினு தண்ணில இன்னா பண்ணுவேன்?" என்று கூட்டத்தில் கேட்டார் கன்னியம்மா.

இக்னேஷியஸ் உருகிவிட்டார். நடிப்பில்லை. மூன்று நிறத்தில் வரைபடம் போட்டார். தெருக்கோடியிலிருந்து ஏரி வரை நேர்க்கோடாக ஒரு கால்வாய். ஏகமனதாக நிறைவேறியது. எல்லோரும் கை தட்டினோம்.

வெட்டுகிற ஆட்கள் வந்து, இக்னேஷியஸ் படிக்கட்டுக்கு எதிரே கடப்பாரையை ஊன்றி நின்றார்கள். நேராகப் போனால் படி போய்விடும்.

"இந்த இடத்துல மட்டும் லேசா வளைச்சுக்கங்கப்பா. பிளான் அப்படியேதான் இருக்கு, சின்ன அட்ஜஸ்ட்மென்ட்" என்றார்.

எதிர்ப்பக்கம் வளைந்தது. அங்கே எதிர்வீட்டு வீராசாமியின் செப்டிக் டாங்க், பாதி தெருவுக்கு அடியில். அவரும் ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட் கேட்டார். மறுபடியும் இந்தப் பக்கம் வளைந்து, கன்னியம்மா வீட்டு வாசலுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஆட்கள் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கால்வாய் அங்கேயே நின்றது. அதுவரை தண்ணீர் தானாக வழி தேடி அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது சங்கமே வழி காட்டி அனுப்பிவைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, முழங்கால் தண்ணீர் நிற்கும் வீட்டில் சொர்ணத்துக்கு வலி எடுத்தது. ஆட்டோ எதுவும் தெருவுக்குள் வரவில்லை.

இந்த இடத்தில் இக்னேஷியஸைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். சர்ச் பூசைக்குப் போட்ட வெள்ளை பேண்ட்டோடு தண்ணீரில் இறங்கினார். நாங்கள் நாலு பேர் சேர்ந்து கட்டிலோடு அந்தப் பெண்ணைத் தூக்கி, அவர் படியேறி, அவர் படுக்கை அறையில் கொண்டு வைத்தோம். அவர் மனைவி ஞானகுமாரி வெந்நீர் போட்டார், அடுத்த தெரு நர்ஸம்மா நனைந்துகொண்டே வந்தார். மதியத்துக்குள் பெண் குழந்தை.

எல்லோருக்கும் காபி வந்தது. இக்னேஷியஸ் வராந்தாவில் நின்று கீழே தண்ணீரைப் பார்த்தார்.

"நல்லவேளை கன்னியம்மா, அன்னிக்கே யோசிச்சு வீட்டை ஒசத்திக் கட்டினேன்."

கன்னியம்மா குழந்தையை மடியில் சரியாகப் படுக்க வைத்துக்கொண்டார்.

"ஆமா சார். உங்க ஊடு இம்மாம் ஒசரமா கீறதாலதான் எம்பேத்தி இங்க பொறந்துச்சு. இல்லாங்காட்டி எங்க ஊட்லயே பொறந்திருக்கும்."

"நமக்குள்ள எதுக்கும்மா பெரிய வார்த்தையெல்லாம்" என்றார் இக்னேஷியஸ், கூச்சத்தோடு.

நீங்கள் அந்த வகை இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். போன மழையில், தண்ணீரில் நின்ற பக்கத்து வீட்டுக்காரரை மேலே கூப்பிட்டுக் காபி கொடுத்தீர்களே, குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் உங்கள் முகத்தைப் பார்த்தாரா, உங்கள் படிக்கட்டைப் பார்த்தாரா?