நீர்நாயார் போனாரா, வந்தாரா?

மொக்போவில் இருக்கும் மதிப்பிற்குரிய அண்ணிக்கு, இஞ்சியோனிலிருந்து உங்கள் தம்பி மனைவி மல்சுன் குனிந்து வணங்கி எழுதுவது.

இங்கே குளிர் இறங்கிவிட்டது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணனுக்கு இருமல் நின்றதா? நான் நலம். கடிதம் என்றால் அப்படித்தான் எழுத வேண்டுமாம், எழுதிவிட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் தொலைபேசியில், உங்கள் தம்பியின் முதல் வருஷத் திவசத்துக்கு வரும்போது அந்த நீர்நாய்ப் படப் புத்தகத்தை எடுத்துப் போவதாகச் சொன்னீர்கள். நானும் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அண்ணி, புத்தகம் வீட்டில் இல்லை. எங்கள் கட்டடத்துப் பெண்கள் சங்கத் தலைவியின் மேசை இழுப்பறைக்குள் பூட்டிக் கிடக்கிறது. அங்கே எப்படிப் போயிற்று என்று ஃபோனில் சொல்ல ஆரம்பித்தால் எனக்கே குழம்பிவிடும், அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்தப் புத்தகம் சின்ன வயதில் அக்கா தம்பி உங்கள் இரண்டு பேர் கையிலும் வளர்ந்தது. வீட்டுக்குள் வெள்ளம் வந்து எழுத்தெல்லாம் கரைந்ததும், அட்டை போனதும், பக்க எண் இருந்த மூலையை எலி தின்றதும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். படங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன, அந்த ஆரஞ்சு நிறத் தொப்பிகூட மங்கவில்லை. உங்கள் தம்பி பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, பக்கத்தைப் புரட்டிப் புரட்டி மனப்பாடமாகச் சொல்வார். எங்களுக்குப் பிள்ளை இல்லாததால் கதை கேட்கிற வேலையையும் நானே பார்த்தேன். நீர்நாயார் படகு நிறைய உப்போடு வீட்டிலிருந்து கிளம்புவார். வழியில் குளிரில் நடுங்குகிற கொக்குக்குத் தொப்பியைக் கொடுப்பார். நண்டுக்குச் செருப்பைக் கொடுப்பார். அத்தனை காலுக்கு ஒரு ஜோடி எப்படிப் போதும் என்று நான் ஒவ்வொரு தடவையும் கேட்பேன், முறை வைத்துப் போட்டுக்கொள்ளும் என்பார். தவளைக் குடும்பத்துக்குப் படகையே கொடுத்துவிட்டு, கடைசியில் வெறுங்கையோடு மலை ஏறி நிலாவுக்குக் கீழே உட்கார்ந்துகொள்வார். அதோடு கதை முடிந்தது.

இந்த வருஷம் கட்டடத்தின் கீழறையில் பிள்ளைகளுக்கு வாசிப்பறை திறந்தார்கள். வீட்டுக்கு ஒரு புத்தகம் தர வேண்டும் என்று சங்கத் தலைவி வாசலில் வந்து நின்றாள். எங்கள் வீட்டில் இருந்தது தொலைபேசி எண் புத்தகமும் இதுவும்தான். இனி எனக்கு யார் கதை சொல்லப் போகிறார்கள், தொலைக்காட்சிப் பெட்டி மேலே அது கிடப்பதைப் பார்த்துப் பார்த்து நான் என்ன செய்யப் போகிறேன், பிள்ளைகளாவது பார்க்கட்டும் என்று கொடுத்துவிட்டேன். கொடுக்கும் முன் பழைய நாள்காட்டித் தாளை வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய வைத்து அட்டை போட்டேன். முன்னாலும் வெள்ளை, பின்னாலும் வெள்ளை. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

பிள்ளைகள் அதற்கு வரிசையில் நின்றார்கள் அண்ணி. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு ஒருவன் போன வருஷம் கொடுத்த பென்சிலைத் திருப்பிக் கேட்டான். ஒருத்தி ஸ்கிப்பிங் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு போனாள். பிறந்தநாளில் கொடுத்த கேக் துண்டைக்கூட ஒரு பையன் கேட்டானாம், தின்றவன் அழுதிருக்கிறான். இதெல்லாம் பரவாயில்லை. குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் ஊறுகாய், அதுதான் கிம்ச்சி, போட்டு முடித்த வாரம் அது, வீட்டுக்கு வீடு கிண்ணம் போய் வந்துகொண்டிருந்தது. மூன்றாம் மாடியில் சுல்கி என்று ஆறு வயசுக் குட்டி. அவள் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக ஏறி, எங்கம்மா கொடுத்த கிம்ச்சியை எடுத்துப் போக வந்தேன் என்று நின்றிருக்கிறாள். நாலு வீட்டில் கிம்ச்சி இல்லை. நாலு பேரும் அதை அப்படியே வாசல் காவலாளிக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். அந்த மனுஷனிடம் கேட்டதற்கு, நாலு வீட்டிலிருந்து வந்தது, நாலும் ஒரே கைப்பக்குவம், இந்தக் கட்டடத்தில் அப்படி ஓர் ஒற்றுமை என்று புகழ்ந்திருக்கிறார். சுல்கியம்மா அதைக் கேட்டுவிட்டு நேரே 502-ஆம் எண், என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"502 அக்கா, பிடுங்கித் திங்கிறவன் கதையைப் பிள்ளைங்களுக்குக் குடுத்திருக்கீங்களே, நல்லாயிருக்கா?"

வீடு மாறி வந்துவிட்டாள் என்றே நினைத்தேன். எங்கள் நீர்நாயார் கால் செருப்பைக்கூடக் கழற்றிக் கொடுப்பவர் என்றேன்.

"நண்டு கால்லேருந்து செருப்பை உருவுறான், நானே பார்த்தேன்."

"உருவலைம்மா, போட்டு விடுறார்."

"போட்டு விடுறவன் அடுத்த பக்கத்துல அதைத் தானே மாட்டிக்கிட்டு நிக்கிறானே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

யாரோ புத்தகத்தை மாற்றி வைத்துவிட்டார்கள் என்று கீழே ஓடினேன். அதே புத்தகம், அதே தொப்பி.

சங்கம் கூடியது. உங்கள் தம்பி எப்போதும் வலப்பக்கத்திலிருந்துதான் திறப்பார், தலைவி புத்தகத்தை இடப்பக்கத்திலிருந்து திறந்தாள். நீர்நாயார் நிலா காய்கிற மலையிலிருந்து இறங்கி வருகிறார், தவளைகளைக் கிளப்பிவிட்டுப் படகில் ஏறுகிறார், செருப்பை வாங்குகிறார், தொப்பியை வாங்குகிறார். கடன் வசூல் பண்ணுகிற ஆள் மாதிரியே இருக்கிறது அண்ணி, எனக்கே பயமாகிவிட்டது. காவலாளி மட்டும், அந்தக் காலத்துப் புத்தகமெல்லாம் வலப்பக்கம்தான் திறக்கும் என்றார். அந்தக் காலத்திலும் இரண்டு மாதிரியும் உண்டு என்றாள் ஒருத்தி. அறை இரண்டாகப் பிரிந்து கத்தியது. கிம்ச்சியைத் தள்ளிவிட்ட நாலு பேரும்தான் அதிகம் கத்தினார்கள், பேச்சு வேறு பக்கம் போனதில் அவர்களுக்கு அவ்வளவு நிம்மதி. கடைசியில் தலைவி தீர்ப்புச் சொன்னாள். கொடுக்கிற கதை என்றால் அலமாரிக்கு, பிடுங்குகிற கதை என்றால் பழைய பேப்பருக்கு. எழுத்து இருந்த காலத்தில் படித்தவர் யாராவது வந்து சொல்லும்வரை இழுப்பறைக்கு.

அப்படி ஓர் ஆள் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் தம்பி கேலிக்காரர். படிக்காதவளுக்கு எந்தப் பக்கம் திறந்தால் என்ன என்று எனக்கு மட்டும் தலைகீழாகச் சொல்லிவிட்டாரா? அவரிடமே கேட்டுவிடலாம் என்று தேநீர்க் கோப்பையோடு எழுந்து அறைவரைக்கும் போய்விட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஆகையால் அண்ணி, திவசம்வரை பொறுக்காமல் இந்தச் சனிக்கிழமையே ரயில் ஏறி வாருங்கள். உங்கள் குரலுக்குத் தலைவியே எழுந்து நிற்பாள். வலப்பக்கம்தான் ஆரம்பம், என் தம்பி பொய் சொல்லமாட்டான் என்று எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் புத்தகத்தைக் கையோடு கொண்டு போங்கள், அது உங்களுடையது. வாக்குத் தருகிறேன். முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள்ளுங்கள். அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் நோய் நொடி வராமல், உங்கள் வீட்டு அரிசிப் பானை குறையாமல் இருக்க வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

உங்கள் தம்பி மனைவி,
மல்சுன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். சுல்கி இப்போது வந்து போனாள். தலைவி வீட்டுக்குப் போய், 502 அம்மா கொடுத்ததைத் திருப்பி எடுத்துப் போக வந்தேன் என்று நின்றாளாம். தலைவி தலையில் அடித்துக்கொண்டு புத்தகத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். கொண்டு வந்தவள் சும்மா போகாமல், என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கே கதை சொல்ல ஆரம்பித்தாள், இடப்பக்கத்திலிருந்து. தொப்பி, செருப்பு, படகு எல்லாம் வாங்கிக்கொண்டு நீர்நாயார் கடைசிப் பக்கத்தில் வீட்டுத் துறைக்கு வருகிறார். துறையில் அவர் மனைவி கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். போய் வா என்று கை காட்டுகிறாள் என்றுதான் உங்கள் தம்பி எனக்கு இத்தனை வருஷமும் சொன்னார்.

"வந்துட்டாரு பாருங்க," என்றாள் சுல்கி. "எவ்ளோ நேரமா கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறாங்களோ, பாவம், வலிக்கும்ல?"

நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இன்னொரு தடவை சொல் என்றேன். சொன்னாள். நாளைக்கு மற்றப் பிள்ளைகளையும் இங்கேயே கூட்டி வருகிறாளாம், சரி என்றுவிட்டேன்.

அதனால் அண்ணி, சனிக்கிழமை வர வேண்டாம். திவசத்துக்கு வாருங்கள், வயிறாரச் சாப்பிடுங்கள், புத்தகத்தை மட்டும் கேட்காதீர்கள். எந்தப் பக்கம் ஆரம்பம் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், எனக்குச் சொல்லிவிடாதீர்கள்.