ஆண்டவர் முட்டிக்கொண்ட கண்ணாடி

ஆண்டிமடம்,
வியாழக்கிழமை, மதியம் கடை சாத்திய நேரம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை கலைச்செல்வன் அவர்களுக்கு, மாமனார் அமிர்தலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் அத்தை வேணியும், கடை கிரைண்டரும் சுகம். ஓசூரில் நீங்களும் ஜானகியும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இவ்வளவையும் கிளப்பிவிட்டவர் நீங்கள் அல்லவா. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஜானகி ஸ்பீக்கரில் போட்டுச் சிரிப்பாள். அதனால்தான் கடிதம்.

பொங்கலுக்கு வந்தபோது உங்கள் கம்பெனிச் சரக்கு என்று ஒரு சுருள் பிலிம் கொடுத்தீர்கள். "மாமா, இத ஒட்டுனா கண்ணாடி பளபளன்னு வெளிச்சம் திருப்பி அடிக்காது, ஆவியும் படியாது" என்றீர்கள். நானும் நம் டிபன் கடையில் சமையல்கட்டுக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவே இருக்கும் கண்ணாடித் தடுப்பில், சோப்புத் தண்ணீர் தெளித்து, சின்னவள் பிரியாவின் பழைய ஸ்கேலால் வழித்து, இரண்டு பக்கமும் ஒட்டினேன். குறை சொல்லக் கூடாது. முன்பெல்லாம் இட்லிப் பானையைத் திறந்தால் கண்ணாடி முழுக்க வேர்த்து, உள்ளே நிற்பது வேணியா வேறு யாராவதா என்றே தெரியாது. இப்போது அவள் என்னை முறைப்பதுகூடத் துல்லியமாகத் தெரிகிறது. ட்யூப்லைட்டும் அதில் மின்னுவதில்லை. சுருக்கமாகச் சொன்னால், அங்கே கண்ணாடி இருப்பதே தெரிவதில்லை. வினை அதில்தான் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பிரியாவைப் பெண் பார்க்க உடையார்பாளையத்திலிருந்து வந்தார்கள். இதுவரை வந்த நான்கு இடத்துக்கும் உதட்டைச் சுழித்தவள், இந்தப் பையன் போட்டோவைப் பார்த்துத்தான் "சரிப்பா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு வருஷம் காத்திருந்தேன், மாப்பிள்ளை. வந்தவர்களில் முடிவு சொல்லவேண்டியவர் பையனின் பெரியப்பா. பெயர் ஆண்டவர். இனி இந்தக் கடிதத்தில் ஆண்டவர் என்று வந்தால் இவர்தான், மேலே இருப்பவர் அல்ல. பட்டு ஜிப்பா, மை பூசிய மீசை, தெருமுனை வரை கேட்கும் குரல். உட்கார்ந்ததும் முதல் கேள்வியே, "மூத்த மாப்பிள பிலிம் கம்பெனியாமே?" சினிமாக்காரர் இருக்கும் வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று எழுந்துவிடுவாரோ என்று பயந்து, "அய்யய்யோ, அந்த பிலிம் இல்லீங்க, இது கண்ணாடியில ஒட்டுறதுங்க" என்றேன். அவர் நம்பவில்லை. மீசையைத் தடவிக்கொண்டே மறுபடியும் கேட்டார், அப்புறமும் கேட்டார். மூன்றாம் தடவை எனக்குப் பொறுக்கவில்லை. "வாங்க, பிலிம் காட்டுறேன்" என்று வாயை விட்டுவிட்டேன். பெண்ணைப் பெற்றவன் சம்பந்தி வீட்டாரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது! வேணி தலையில் அடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு முன்னால்தானே கடை. எல்லோரையும் அழைத்துப்போய் நிறுத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இட்லிப் பானை ஆவி விட, ஓரத்துக் கதவு வழியாக வரவேண்டிய பிரியா காபித் தட்டோடு அங்கேயே நின்றாள். "எங்கய்யா பிலிம்?" என்றார் ஆண்டவர். "உங்க எதிர்லதாங்க இருக்கு" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, "காபி ஆறுதும்மா, குடு" என்று கையை நீட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். டமார். ஆண்டவர் நெற்றியில் முந்திரிப்பழம் அளவுக்கு வீக்கம். தட்டைப் பிடித்தபடியே பிரியா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏம்மா, வூடு தேடி வந்த பெரியவங்கள..." என்று ஆரம்பித்த பையனின் அம்மா முடிப்பதற்குள் பையனும் சிரித்துவிட்டான். ஆண்டவர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியை மெல்லத் தடவிப் பார்த்தார். "அப்ப நெசமாவே ஒட்டுற பிலிம்தானா?" என்று கேட்டுவிட்டு, முகம் தொங்கிப்போய், காபியைத் தொடாமல் வேன் ஏறிவிட்டார். நாலு நாளாகப் பதில் இல்லை. பிரியா அன்றைக்குக் கட்டிய புடவையையே திரும்பத் திரும்ப இஸ்திரி போடுகிறாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஆகவே தாங்கள் வருகிற ஞாயிறு, கம்பெனி அடையாள அட்டையோடு வந்து, சினிமாவுக்கும் உங்களுக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது என்று ஆண்டவர் முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். பிலிம் என்று ஒரு துண்டுகூடக் கொண்டுவரக் கூடாது.

உங்கள் இருவருக்கும் மேலே இருக்கும் ஆண்டவர் எல்லா நலமும் தரட்டும். கீழே இருக்கும் ஆண்டவர்தான் பிடி கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
அமிர்தலிங்கம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது தரகர் வீராயி அக்கா வந்தார். பையனுக்கும் அவன் அம்மாவுக்கும் பூரண சம்மதமாம். ஆண்டவர்தான் சரியாகச் சாப்பிடவில்லையாம். வீக்கத்தால் அல்ல. முப்பது வருஷம் ஊர் நாடகத்தில் ராஜா வேஷம் கட்டியவராம். பிலிம் கம்பெனி மாப்பிள்ளை என்று கேள்விப்பட்டு, ஒரு சின்ன வேஷமாவது கிடைக்கும் என்றுதான் மீசைக்கு மை பூசி வந்தாராம். ஆகவே மேலே எழுதியது அத்தனையும் ரத்து. அடையாள அட்டை வேண்டாம், கறுப்புக் கண்ணாடி போதும். சத்தியமும் வேண்டாம், பொய்யும் வேண்டாம். "நான் பிலிம்லதாங்க இருக்கேன்" என்று மட்டும் சொல்லுங்கள், அது உண்மைதானே. மிச்சத்தை அவர் ஆசையே நம்பிக்கொள்ளும். இருப்பதிலேயே பெரிய சுருளாக ஒன்று கொண்டு வாருங்கள். தாலி ஏறும்வரை அதை அவர் பிரித்துப் பார்க்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.